கூர்முனைக் காலணியும் சாய்ந்த பெருவிரலும்: இடைக்காலக் கேம்பிரிட்ஜ் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலும் அதன் அருகிலுள்ள ஒரு சிற்றூரிலும் இடைக்காலத்தில் அடக்கம் செய்யப்பட்ட 177 பெரியவர்களின் எலும்புக்கூடுகளை ஜென்னா டிட்மார், பியர்ஸ் மிச்செல் ஆகியோர் அடங்கிய குழு ஆராய்ந்து, தன் முடிவுகளை 2021இல் வெளியிட்டது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்ட பெருவிரல் சாய்வு, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்களில் 27 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது என்பதே அந்த ஆய்வின் மையச் செய்தி. மருத்துவர்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்று அழைக்கும் இந்தக் குறைபாட்டில், பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்துகொள்ள, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கமாகப் புடைத்து நிற்கும். ஓர் ஊரின் மக்கள் சில தலைமுறைகளுக்குள் வேறு வகைப் பாதங்களோடு பிறக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கொள்ள இடமில்லை. அந்த இடைவெளியில் மாறியது அவர்கள் அணிந்த காலணியின் வடிவம்.

பொருந்தாத காலணி காலைக் கெடுக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே, அதை நிறுவ 600 ஆண்டுப் பழைய எலும்பு எதற்கு என்று கேட்கலாம். இன்று மருத்துவரிடம் வரும் ஒருவரின் பாதத்தைப் பார்த்து, இதில் காலணியின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. அவருடைய அம்மாவுக்கும் அதே புடைப்பு இருந்திருக்கும். உடல் எடை கூடியிருக்கும். நாள் முழுவதும் நின்று செய்யும் வேலையாக இருக்கும். குதிகால் உயர்ந்த செருப்பும் கூர்முனை ஷூவும் மாறி மாறி அணிந்திருப்பார். இருபது வயதில் எந்த அளவு வாங்கினார் என்பது நினைவிலும் இருக்காது. கேம்பிரிட்ஜ் நிகழ்வில் இந்தச் சிக்கல்களில் பல தாமாகவே விலகிவிடுகின்றன. குறிப்பாக, ஐரோப்பியக் காலணியில் உயர்ந்த குதி இடம்பெறத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்பதால், இங்கே பேசப்படும் காலணிகள் அனைத்தும் தட்டையானவை. ஆகவே குதிகால் உயரத்தின் மீது பழி போட வழியில்லாமல், முன்பகுதியின் குறுக்கம் தனியாக என்ன செய்யும் என்பதைப் பார்க்க முடிகிற அரிய வாய்ப்பு இது.

காலணியில் நேர்ந்த மாற்றம்

13ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய காலணி, வேலைக்கு ஏற்ற எளிய தோல் காலணி. அதை உள்பக்கம் வெளியே இருக்குமாறு தைத்து முடித்தபின் புரட்டி எடுப்பார்கள், அடித்தோல் மெல்லியது, முன்பகுதி உருண்டையாக, விரல்கள் படிந்திருக்கப் போதிய இடத்தோடு அமைந்திருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இந்த வடிவம் கூர்மையடைந்தது. பூலேன் என்றும், போலந்தின் கிராக்கோவ் நகரை ஒட்டி கிராக்கோ என்றும் அழைக்கப்பட்ட இந்தப் பாணியில் காலணியின் முனை விரல்களைத் தாண்டி நீண்டு குவிந்தது. லண்டனில் தேம்ஸ் கரையோர அகழ்வுகளில் கிடைத்த சிலவற்றின் முனைக்குள், வடிவம் மடங்காமல் நிற்பதற்காக, பாசி திணித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த முனையை முழங்காலோடு சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு நடந்தார்கள் என்பது போன்ற கதைகளுக்குப் பஞ்சமில்லை. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை பெரும்பாலும் அந்தக் கதைகள் சொல்லும் அளவுக்கு நீண்டவை அல்ல.

மிகையான நீளம் கொண்ட சில காலணிகளைவிட, சாதாரணக் காலணிகளுக்கு நேர்ந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டவற்றைப் பார்த்தால், 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய எல்லா வகைக் காலணிகளும், பெரியவர்களுடையவையும் குழந்தைகளுடையவையும், சிறிதளவாவது கூர்மையடைந்துவிட்டன. அரசவைக்குப் போகிறவர் மட்டும் அணிந்த ஆடம்பரமாக அது நிற்கவில்லை. கடையில் கிடைப்பதே அந்த வடிவம்தான் என்றாகிவிட்டால், அலங்காரத்தில் நாட்டமில்லாதவரும் அதையே அணிந்தாக வேண்டும்; அவருக்கு அது நாகரிகமாகவே தோன்றாது, காலணி என்றால் இப்படித்தான் இருக்கும் என்றே தோன்றும்.

எலும்பில் எதைப் பார்க்கிறார்கள்

பெருவிரலின் அடிமூட்டில் இரண்டு எலும்புகள் சந்திக்கின்றன. பாதத்தின் நடுவிலிருந்து முன்னோக்கி வரும் முதல் மெட்டாடார்சல் எலும்பின் உருண்ட தலை ஒன்று. அதன்மேல் குழிந்து பொருந்தும் விரலின் முதல் கணு மற்றொன்று. தலைக்குக் கீழே, தசைநாணுக்குள் பொதிந்தபடி, பட்டாணி அளவிலான இரண்டு சிற்றெலும்புகள் உண்டு. நடக்கும்போது உடலின் எடையை வாங்கிக்கொள்வது இவற்றின் வேலை. மெட்டாடார்சல் தலையின் அடிப்பக்கத்தில் ஓடும் சிறிய மேடு இந்த இரண்டையும் அதனதன் தடத்தில் பிரித்து நிறுத்துகிறது.

குறுகிய காலணி பெருவிரலை வெளிப்பக்கமாக, அதாவது இரண்டாம் விரலை நோக்கி, தள்ளிக்கொண்டே இருந்தால், மூட்டின் உட்பக்கத் தசைநார் நாளடைவில் நீண்டு தளர்கிறது. வெளிப்பக்கத்தில் இருப்பது சுருங்குகிறது. இந்த நிலை வரைக்கும் நடந்தது காலணியின் செயல். அதற்குமேல் பாதம் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது என்பதுதான் இந்தக் குறைபாட்டின் வஞ்சகமான பகுதி. விரலை நீட்டவும் மடக்கவும் வேண்டிய நீண்ட தசைநாண்கள், விரல் சாய்ந்துவிட்டதால் மூட்டின் நடுக்கோட்டை விட்டு வெளிப்பக்கம் விலகி, வில்லில் பூட்டிய நாண் போல் ஒரு பக்கமாக இழுக்கின்றன. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்த இழுப்பு சாய்வைக் கூட்டுகிறது. மெட்டாடார்சல் எதிர்த்திசையில், உட்பக்கமாக விலகுகிறது. கீழிருக்கும் சிற்றெலும்புகள் தங்கள் தடத்தை விட்டு நழுவுகின்றன. பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அகலமான காலணிக்கு மாறினாலும் வலி குறையுமே தவிர, சாய்ந்த எலும்பு தானாக நிமிர்வதில்லை. நிமிர்த்த அறுவை சிகிச்சை வேண்டும். இடைக்காலத்தில் அதற்கு வழியில்லை.

தசையும் தோலும் மக்கிப்போன பிறகு, மேசைமேல் கிடக்கும் உலர்ந்த எலும்பில் இவற்றில் சிலவே எஞ்சியிருக்கும். மெட்டாடார்சல் தலையின் மூட்டுப்பரப்பு நேர்முகமாக இல்லாமல் வெளிப்பக்கம் நோக்கித் திரும்பியிருக்கும். விரல் கணு விட்டு விலகிய உட்பக்கத்தில், பழைய பரப்பைப் பிரித்துக் காட்டும் பள்ளமும் சொரசொரப்பும் தெரியும். அடிப்பக்க மேடு, சிற்றெலும்புகள் ஏறி இறங்கியதில், தேய்ந்து போயிருக்கும். இரண்டு எலும்புகளையும் கையில் எடுத்துப் பொருத்திப் பார்த்தால், நேராக நிற்க வேண்டிய கணு ஒரு பக்கமாகச் சாய்ந்தே பொருந்தும். மண்ணில் புதைந்த பாதம் மண்ணின் அழுத்தத்தால் கோணியிருக்கலாம் அல்லவா என்ற ஐயத்துக்கும் இங்கே விடை இருக்கிறது: மண் எலும்பை இடம் மாற்றிப் போடலாம், மூட்டுப்பரப்பில் புதிய முகத்தைச் செதுக்க அதனால் ஆகாது. அந்தச் செதுக்கல் உயிரோடு இருந்தவர் ஆண்டுக்கணக்கில் நடந்ததால் வந்தது.

நான்கு இடுகாடுகள்

எலும்புகள் நான்கு இடங்களைச் சேர்ந்தவை; நான்கும் நான்கு விதமான வாழ்க்கையைக் குறிப்பவை. அகஸ்தீனியத் துறவியர் மடத்தின் வளாகத்தில் துறவியரோடு மடத்துக்குக் கொடை அளித்த செல்வர்களும் அடக்கம் செய்யப்பட்டனர். அங்கே 43 விழுக்காட்டினருக்குப் பெருவிரல் சாய்வு இருந்தது. இன்றைய புனித யோவான் கல்லூரியின் முன்னோடியான அறநிலை மருத்துவமனையின் இடுகாட்டில் 23 விழுக்காடு. கோட்டையை ஒட்டி நகரின் ஓரத்தில் இருந்த, உழைக்கும் ஏழைகளின் பங்குக் கோவில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) இடுகாட்டில் 10 விழுக்காடு. செர்ரி ஹின்டன் என்ற சிற்றூரில் 3 விழுக்காடு.

வசதியும் நாகரிகமும் கூடக் கூடப் பெருவிரல் சாய்கிறது என்று இந்த நான்கு எண்களும் படிக்கட்டு போல அடுக்கிக் காட்டுகின்றன. செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டதும் இதுவே. நான் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பேன். செர்ரி ஹின்டன் இடுகாடு 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலானது. கூர்முனைக் காலணி பரவுவதற்கு முன்பே அங்கே அடக்கம் நின்றுவிட்டது. கோட்டையோரப் பங்கு, பிளேக் என்ற பெருங்கொள்ளை நோய்க்குப் பிறகு ஆளற்றுப்போய், 1365 வாக்கில் பக்கத்துப் பங்கோடு இணைக்கப்பட்டது. துறவியர் மடமோ 1280களில் தொடங்கி 1538 வரை நீடித்தது. ஆக, ஏழைகளின் பாதம் நேராக இருந்ததற்கு அவர்கள் ஏழைகளாக இருந்தது ஒரு காரணம் என்றால், அவர்களில் பலர் கூர்முனைக் காலம் முழுமையாக வருவதற்கு முன்பே இறந்துவிட்டது இன்னொரு காரணமாக இருக்கலாம். வர்க்கமும் காலமும் இந்த இடத்தில் பின்னிக்கொண்டிருக்கின்றன. எனவே 6 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காட்டுக்கு என்ற காலவாரியான உயர்வைத்தான் நான் உறுதியான முடிவாக எடுத்துக்கொள்கிறேன். இடவாரியான படிக்கட்டை அதற்குத் துணைச் சான்றாக மட்டுமே வைக்கலாம்.

ஆண், பெண் வேறுபாட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பெருவிரல் சாய்வு இருந்தவர்களில் ஆண்களே கூடுதல். அக்காலத்தில் கூர்முனைப் பகட்டு முதன்மையாக ஆண்களுடையது என்பதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் துறவியர் மடத்து இடுகாட்டில் ஆண்களே மிகுதியாக இருப்பார்கள் என்பதும் வெளிப்படை.

இத்தனை கழித்தல்களுக்குப் பிறகும் நிற்கும் ஒரு சான்று துறவியரைப் பற்றியது. மடத்தில் அடக்கமானவர்களில் 11 பேரை, அங்கியோடு புதைக்கப்பட்ட இடைவாரின் கொக்கியை வைத்துத் துறவிகள் என்று அடையாளம் காண முடிந்தது. அவர்களில் 5 பேருக்குப் பெருவிரல் சாய்ந்திருந்தது. எளிமையை விரதமாக ஏற்றவர்கள் இவர்கள். குருமார் கூர்முனைக் காலணி அணியக் கூடாது என்று திருச்சபை 1215லேயே விலக்கியிருந்தது. 1281லும் 1342லும் குருமாரின் உடை பற்றி மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே விலக்கைத் திரும்பத் திரும்ப விதிக்க நேர்ந்தால் அது கடைப்பிடிக்கப்படவில்லை என்றுதான் பொருள். காகிதத்தில் ஊகமாக இருப்பதை அந்த ஐவரின் பாத எலும்புகள் சாட்சியமாக்குகின்றன.

விழுந்தவர்கள்

பெருவிரல் சாய்வதால் என்ன கெட்டுவிடும், ஷூ போட்டால் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதானே என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஆய்வின் இரண்டாம் பகுதி பதில் சொல்கிறது. பெருவிரல் சாய்வு கொண்டவர்களின் எலும்புக்கூடுகளில், விழுவதால் ஏற்படும் எலும்பு முறிவுகள் கூடுதலாகக் காணப்பட்டன. 45 வயதைக் கடந்தவர்களில் இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. அதுவும் கை எலும்புகளில். முன்னோக்கித் தடுக்கி விழும் ஒருவர் தன்னையறியாமல் கைகளை நீட்டித் தரையில் ஊன்றும்போது முறியும் இடங்கள் அவை.

காரணம் நடையின் இயக்கத்தில் இருக்கிறது. அடியெடுத்து வைக்கும்போது பாதம் தரையை விட்டு எழும் கடைசிக் கணத்தில் உடலை முன்தள்ளுவது பெருவிரல். அந்த நேரத்தில் அது மேல்நோக்கி வளைவதால், பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த சவ்வு இறுகி, பாத வளைவை உயர்த்தி, பாதத்தை ஒரு விறைப்பான நெம்புகோலாக்குகிறது. நிற்கும்போது உடல் முன்னே சரியாமல் தரையை அழுத்திப் பிடிப்பதும் அதே விரல்தான். அது சாய்ந்துவிட்டால் தள்ளும் வலுவும் பிடிக்கும் வலுவும் குறைந்து, சுமை இரண்டாம், மூன்றாம் மெட்டாடார்சல் தலைகளின் மீது ஏறுகிறது. அங்கே தோல் தடித்துக் கால் ஆணி வருவதும் இதனால்தான். இளம் வயதில் இடுப்பும் முழங்காலும் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். வயதாகி, கண்பார்வையும் தசைவலுவும் தளரும்போது ஈடுகட்ட ஆளில்லை. இன்றைய முதியோரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளும் பெருவிரல் சாய்வையும் விரல் வலுக்குறைவையும் விழும் வாய்ப்போடு தொடர்புபடுத்துகின்றன.

முறிவுகளுக்கு வேறு காரணம் இருக்கலாமே என்ற மறுப்பையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். உழைப்பாளிகளுக்கு எலும்பு முறிவு கூடுதலாக இருப்பது இயல்பு. இதே நகரத்தின் இதே இடுகாடுகளை வைத்து டிட்மார் உள்ளிட்டோர் அதே 2021இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எந்த வகை முறிவாக இருந்தாலும் கணக்கிட்டபோது, கோட்டையோர ஏழைகளில் 44 விழுக்காட்டினருக்கும், துறவியர் மடத்தில் 32 விழுக்காட்டினருக்கும், மருத்துவமனை இடுகாட்டில் 27 விழுக்காட்டினருக்கும் முறிவுகள் இருந்தன. அதாவது பொதுவான முறிவு ஏழைகளிடம் மிகுதி. பெருவிரல் சாய்வு வசதியுள்ளவர்களிடம் மிகுதி. வேலையின் கடுமைதான் காரணம் என்றால், பெருவிரல் சாய்ந்தவர்களிடம் முறிவு குறைந்திருக்க வேண்டும். அது கூடியிருப்பதால், கடின உழைப்பு என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை. இருந்தாலும் இது தொடர்பைக் காட்டும் சான்றுதான். ஒரு குறிப்பிட்ட ஆள் எப்படி விழுந்தார் என்பதை எந்த எலும்பும் சொல்லாது. அவர் அந்நேரம் என்ன அணிந்திருந்தார் என்பதையும் சொல்லாது.

சட்டம் எதை அளந்தது

1463இல், நான்காம் எட்வர்ட் மன்னர் காலத்தில், பிரபு நிலைக்குக் கீழ்ப்பட்டவர்கள் 2 அங்குலத்துக்கு மேல் நீளும் முனை கொண்ட காலணிகளை அணிவது சட்டப்படி தடுக்கப்பட்டது. பாதத்தின் நலத்துக்காக வந்த சட்டம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. யார் எதை உடுக்கலாம் என்று தகுதிவாரியாக வரையறுக்கும் நீண்ட சட்ட வரிசையில் இதுவும் ஒன்று. 1363லும் இங்கிலாந்தில் அப்படி ஓர் உடைச்சட்டம் இயற்றப்பட்டது. குருமாருக்கான விலக்கும் ஒழுக்கத்தையும் பகட்டையும் குறித்ததே.

ஆனால் அந்தச் சட்டம் கையிலெடுத்த அளவுகோல்தான் இந்த நிகழ்விலேயே மிகவும் கவனிக்கத்தக்கது என்பது என் கருத்து. விரல்நுனிக்கு அப்பால் நீளும் முனை வெறும் தோலும் பாசியும்தான். பார்ப்பவர் கண்ணை உறுத்துவதும், படியில் தடுக்குவதும் அது. பெருவிரலின் மூட்டைத் திருப்புவது அதுவல்ல. குவியத் தொடங்கும் இடம் எது என்பதுதான் கேள்வி. விரல்கள் முழுதும் முடிந்த பிறகு காலணி குவியத் தொடங்கினால், முனை அரை முழம் நீண்டாலும் மூட்டுக்குத் தீங்கில்லை. பெருவிரலின் அடிமூட்டிலிருந்தே குவியத் தொடங்கினால், முனை 1 அங்குலமே நீண்டாலும் விரல் சாயத்தான் செய்யும். முனையைச் சுருக்கச் சொன்னால் செருப்புத் தைப்பவர் எளிதாகச் செய்யக்கூடியது முனையை வெட்டுவது. அகலத்தைக் கூட்டுவது அல்ல. நீளம் எல்லோர் கண்ணிலும் படும், அளக்கவும் எளிது. அகலம் காலணிக்குள் மறைந்திருக்கும். சட்டம் நீளத்தை அளந்தது. கெட்டது அகலத்தால்.

15ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பூலேன் வழக்கொழிந்து, முன்பகுதி விரிந்த காலணிகள் வந்தன. அதைச் சாதித்ததும் சட்டம் அல்ல. நாகரிகம் தானாகவே எதிர்த்திசைக்குத் திரும்பியது.

மற்ற ஊர்களின் சான்று

ஒரே ஒரு நகரத்தை வைத்து முடிவுக்கு வரலாமா என்றால், வேண்டியதில்லை. 1958இல் ஹாங்காங்கில் லாம் சிம்-ஃபூக், ஹாட்ஜ்சன் ஆகிய இருவரும் ஷூ அணியும் சீனர்களையும் வெறுங்காலோடு வாழ்ந்த சீனர்களையும் ஒப்பிட்டபோது, அணிபவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும் பெருவிரல் சாய்வு இருந்தது. இரு பிரிவினரும் ஒரே இனத்தவர் என்பதால் மரபணு வேறுபாடு என்ற விளக்கத்துக்கு வலுவில்லை. அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் செயின்ட் ஹெலினா தீவில், ஒரு பகுதியினர் ஷூ அணிந்தும் மற்றவர்கள் அணியாமலும் வாழ்ந்த சமூகத்தை ஆராய்ந்து 1965இல் வெளியான கட்டுரையும், ஷூ அணிந்த ஆண்டுகள் கூடக் கூடக் குறைபாடும் கூடுவதையே காட்டியது. ஷூ அணிந்தவர்களுக்குள்ளும் ஆண்களைவிடப் பெண்களிடம் அது மிகுந்திருந்தது.

காலணி அணியாதவர்களிடமும் அந்த 1.9 விழுக்காடு இருக்கிறது என்பதை விட்டுவிடக் கூடாது. கேம்பிரிட்ஜிலும் கூர்முனைக்கு முற்பட்ட காலத்தில் 6 விழுக்காடு இருந்தது. பெருவிரல் சாய்வு குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. எனவே காலணி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குடும்ப வாகு, காலணியை ஏன் குறை சொல்கிறீர்கள் என்பவர்களோடும் உடன்பாடில்லை. கேம்பிரிட்ஜ் துறவியர் மடத்திலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விரல் நேராகத்தான் இருந்தது. மூட்டு இளகிய வாகு உடையவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். உருண்டை முனைக் காலணி அணியும் ஊரில் அவர்களில் பெரும்பாலோர் நேரான விரலோடே வாழ்ந்து முடித்துவிடுவார்கள், கூர்முனை அணியும் ஊரில் அதே ஆட்கள் நோயாளிகளாவார்கள். இன்றைய நிலையில், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான மதிப்பீடு, 18 முதல் 65 வயதுக்கு உட்பட்டவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் அதற்கு மேற்பட்டவர்களில் 35.7 விழுக்காட்டினருக்கும் பெருவிரல் சாய்வு இருப்பதாகச் சொல்கிறது. பெண்களில் 30, ஆண்களில் 13 விழுக்காடு. கேம்பிரிட்ஜின் 27 விழுக்காட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் அவர்களைக் கேலி செய்யும் இடத்தில் இல்லை என்பது விளங்கும்.

இன்றைய அளவுகோல்

பிரிட்டிஷ் ஷூ அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு. நம் கடைகளில் 7, 8, 9 என்று கேட்டு வாங்குவது இதைத்தான். இது நீளத்தை மட்டுமே குறிக்கும். அகலத்துக்குத் தனிக் குறியீடுகள் உண்டு என்றாலும், பெரும்பாலான கடைகளில் ஓர் எண்ணுக்கு ஓர் அகலமே கிடைக்கும். 8 இறுக்கிப் பிடித்தால் 9 கொடுங்கள் என்று கேட்பது வழக்கம். அப்போது கூடுவது முக்கியமாக நீளம். அகலத்துக்காக நீளத்தைக் கூட்டியவரின் பாதம் ஷூவுக்குள் முன்னும் பின்னும் நழுவும். நழுவாமல் இருக்க நாடாவை இறுக்குவார். ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னே சறுக்கி, எந்தக் குறுகலிலிருந்து தப்பிக்கப் பெரிய எண்ணை வாங்கினாரோ அதற்குள்ளேயே விரல்கள் போய்ச் செருகிக்கொள்ளும். பெண்களின் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவில் 356 பெண்களை வைத்து 1993இல் வெளியான கணக்கெடுப்பில், 88 விழுக்காட்டினர் தங்கள் பாதத்தைவிடச் சிறிய காலணியையே அணிந்திருந்தனர்.

இந்தியாவில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்தது. பிறநாட்டு அளவில் வரும் ஷூ குறுகலாக இருப்பதால் பலர் தேவைக்கு மேல் நீளமான எண்ணை வாங்கி அணிகிறார்கள் என்பதும் அதே கணக்கெடுப்பின் செய்தி. அதன் அடிப்படையில், பாரத் என்பதன் முதலெழுத்தைக் கொண்டு ‘பா’ என்ற பெயரில் ஓர் இந்திய அளவுமுறையை நிறுவனம் வகுத்தது 2024இல் செய்தியானது. ஏற்றுமதிக்காக ஷூ தைக்கும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் அகலமான ஷூ தைக்கத் தெரியாமல் இல்லை. ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சான லாஸ்ட்டில் எதன் மேல் தோலை இழுத்துத் தைக்க வேண்டும் என்பதை ஆர்டர் கொடுப்பவர் முடிவு செய்கிறார். வாங்குபவர் கேட்காதவரை அந்த லாஸ்ட் மாறாது.

‘பா’ நடைமுறைக்கு வந்தாலும் ஒன்றை அது தீர்க்காது. பாதத்தின் அகலத்தை அளப்பது விரல்களின் அடிமூட்டுகள் இருக்கும் இடத்தில். அதுவே பாதத்தின் மிக அகலமான இடம். குவிப்பு அதற்கு முன்னால் நிகழ்வது. அடிமூட்டில் சரியான அகலமும் அதற்கு முன்னால் கூர்முனையும் கொண்ட ஒரு ஷூ, எந்த அளவுமுறையின்படியும் சரியான அளவு என்றே தேறிவிடும்.

கடையில் போட்டுப் பார்த்து வலிக்கவில்லையே என்று வாங்குவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பெருவிரலைச் சாய்க்கப் பெரும் அழுத்தம் தேவையில்லை. வலிக்காத அளவு அழுத்தமே ஆண்டுக்கணக்கில் போதும். நீரிழிவால் பாத உணர்ச்சி மங்கியவர்களுக்கு இந்தச் சோதனை முற்றிலும் உதவாது. உணர்வில்லாத பாதத்தில் புண் வருவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் அழுத்தம் தொடர்வதால்தான் என்பதை வேலூரில் தொழுநோயாளிகளிடம் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்புகள் அந்தப் பணியின் வழியாகவே அங்கே பரவின. உணர்ச்சி குறைந்தவர்கள் சற்றுத் தளர்வாக இருக்கும் ஷூவை இறுக்கமே இல்லை என்று தவறாக எண்ணி, மேலும் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு.

வலியை நம்பாமல் கண்ணை நம்பிச் செய்யக்கூடிய சோதனை எளிது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய், ஷூவுக்குள் பாதத்தின் அடியில் இருக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, வெறுங்காலோடு அதன்மேல் முழு எடையும் விழும்படி நிற்க வேண்டும். அட்டையின் ஓரத்துக்கு வெளியே எந்த விரலும் வழியக் கூடாது. மிக நீண்ட விரலுக்கு முன்னால், அது பெருவிரலாக இருந்தாலும் இரண்டாம் விரலாக இருந்தாலும், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அட்டை கழன்று வராத ஷூவாக இருந்தால், வீட்டிலேயே காகிதத்தின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து கத்தரித்து எடுத்துப்போய், ஷூவின் அடிப்பாகத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்கலாம். இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பெரிதாக இருக்கும், வாங்க வேண்டியது அந்தப் பெரிய பாதத்துக்குத்தான்.